நாற்காலி கேட்டால் கட்டில் கேட்பார்களா?

நடுவர் ஐயாவுக்கும் அவையோருக்கும் வணக்கம். மணி அடிக்கிறவர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

'பணியிட மன அழுத்தம் குறைய மாற வேண்டியது ஊழியரின் மனமா, நிர்வாகத்தின் நடைமுறையா?' இதுதான் தலைப்பு. நடைமுறைதான் என்பது எங்கள் அணி. வேலை நேரம், விடுப்பு, ஊதியம் எல்லாவற்றையும் எங்கள் அணித் தலைவர் பேசிவிட்டார், நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண்களுக்கு ஒரு நாற்காலி போட்டாலே பாதி அழுத்தம் குறையும் என்று எங்கள் அணித் தங்கை சொன்னாள். உடனே எதிரணித் தம்பி எழுந்து என்ன சொன்னார்? "இன்னைக்கு நாற்காலி கேக்கிறாங்க, நாளைக்குக் கட்டில் கேப்பாங்க, அடுத்த நாள் தலகாணிக்கு உறை கேப்பாங்க!" அரங்கம் அதிர்ந்தது. நல்ல கைதட்டல். எனக்கு அந்தக் கைதட்டல் பொறுக்கவில்லை ஐயா. எனக்குக் கொடுத்த நேரம் முழுவதையும் அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லவே செலவழிக்கப்போகிறேன்.

என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா. தெற்கே ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவில் வேலை பார்த்தாள். கடை பெயர் வேண்டாம். கடையில் வேலை பார்ப்பவர்களும் உட்காரலாம் என்று சட்டம் வருவதற்கு முந்தைய காலம். ஆவணி முகூர்த்த நேரம், கூட்டம் தாங்கவில்லை. வாடிக்கையாளர்களுக்கு வரிசையாகக் குஷன் நாற்காலி போட்டிருப்பார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் விற்பனைப் பெண்கள், காலையில் நின்றால் நின்றதுதான். அங்கே ஒரு கல்யாண வீட்டார் வந்து இறங்குகிறார்கள், ஒரு வேன் நிறைய. நடுநாயகமாக ஓர் ஆச்சி. பேத்திக்குக் கல்யாணம். ஆச்சி உட்கார்ந்தாச்சு, மருமகள் பக்கத்தில், பெண், பெண்ணின் சித்தி, மாப்பிள்ளை வீட்டு அத்தை, எல்லாரும் உட்கார்ந்தாச்சு. அக்கா சேலையை விரிக்கிறாள். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்துப் பச்சை. ஆச்சிக்கு எதுவும் பிடிக்கவில்லை. விரிக்கிறாள், மடிக்கிறாள், விரிக்கிறாள். ஆச்சி சேலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அக்காவைப் பார்க்க ஆரம்பித்தார். அக்கா வலது காலைத் தூக்கி இடது காலில் நிற்கிறாள், இடதைத் தூக்கி வலதில் நிற்கிறாள்.

"ஏட்டி, எவ்ளோ நேரமா நிக்க, செத்த உக்காரு."

"பரவால்ல ஆச்சி."

இன்னும் நாலு சேலை. "உக்காந்துகிட்டு எடுத்துப் போடுட்டி, நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம்."

"இருக்கட்டும் ஆச்சி."

இன்னும் நாலு சேலை. பிள்ளை கூச்சப்படுகிறாள் என்று ஆச்சி நினைத்துக்கொண்டார். "பெரியவ சொல்லுதேன், உக்காரு!" அக்கா பதில் சொல்லவில்லை, கண்ணை மட்டும் மேலே தூக்கினாள். ஆச்சியும் மேலே பார்த்தார். "அங்க என்னத்தட்டி பாக்க? சாமி படமா இருக்கு?"

"கேமரா இருக்கு ஆச்சி. உக்காந்தா சம்பளத்துல பிடிச்சிருவாங்க."

ஆச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. முழங்காலில் ஒரு கை, மேசையில் ஒரு கை ஊன்றி, மெதுவாக எழுந்து நின்றுவிட்டார். மருமகள் பதறிவிட்டாள். "அத்தை, உங்களுக்கு முட்டுவலி, உக்காருங்க!" ஆச்சி கேட்டார் பாருங்கள் ஐயா ஒரு கேள்வி: "ஏன், அவளுக்கு முட்டு இல்லையா?"

அந்த இடத்தை நான் இன்னொரு தரம் சொல்ல வேண்டும், பின்வரிசைக்குச் சரியாகக் கேட்டிருக்காது. மருமகள் சொல்கிறாள், உங்களுக்கு முட்டுவலி உக்காருங்க. ஆச்சி கேட்கிறார், அவளுக்கு முட்டு இல்லையா? எதிரணித் தம்பிக்கும் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் நடந்ததுதான் பெரிய கூத்து. ஆச்சி நிற்கும்போது மருமகள் எப்படி உட்காருவாள்? எழுந்தாள். மாமியார் எழுந்தபிறகு சம்பந்தி வீட்டு அத்தை உட்கார்ந்திருந்தால் ஊரில் என்ன பேசுவார்கள், அவரும் எழுந்தார். சித்தி எழுந்தாள். கல்யாணப் பெண் எழுந்தாள். வாசல் பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்த பெரியப்பா, என்னமோ ஏதோ என்று டம்ளரோடு ஓடிவந்து அவரும் நின்றார். பட்டுப் பிரிவில் ஒரு வேன் சனமும் நிற்கிறது, நாற்காலியெல்லாம் காலி! பக்கத்து மேசையில் சேலை பார்த்தவர்கள், ஏதோ தேசிய கீதம் போடப்போகிறார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ, அவர்களும் பாதி எழுந்துவிட்டார்கள்.

சூப்பர்வைசர் ஓடிவருகிறார். "ஆச்சி, என்ன குறை? மோர் கொண்டுவரச் சொல்லட்டுமா?"

"நாக்காலி கொண்டா."

"உங்களுக்குத்தான் போட்டிருக்கே ஆச்சி."

"எனக்கில்ல, இவளுக்கு."

"அது... ரூல்ஸ் இல்ல ஆச்சி."

"அப்போ சேலையும் இல்ல."

சூப்பர்வைசர் இண்டர்காமில் மேனேஜரைக் கேட்க, மேனேஜர் முதலாளியைக் கேட்க, கடைசியில் கீழே வாட்ச்மேன் உட்காரும் பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அக்கா உட்கார்ந்தாள். ஆச்சி உட்கார்ந்தார். மருமகள், அத்தை, சித்தி, பெண், பெரியப்பா, எல்லாரும் உட்கார்ந்தார்கள். வியாபாரம் நடந்தது. முகூர்த்தச் சேலை மட்டுமா, சீருக்கு, நிச்சயத்துக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு என்று அந்த ஒரு மேசையிலேயே எல்லாம் எடுத்தார்கள். "அன்னைக்கு நான் வித்த மாதிரி என்னைக்குமே விக்கலைடா" என்று அக்கா இப்போதும் சொல்வாள்.

இப்போது தம்பியைக் கேட்கிறேன். அக்கா கட்டில் கேட்டாளா? அந்த ஸ்டூலில் உட்கார்ந்து தூங்கினாளா? நாற்காலி கிடைத்த பெண் என்ன செய்வாள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும், அவள் சேலை விற்றாள்!

நீங்கள் கேட்கலாம், அதான் நல்ல மனசு இருந்ததே, ஆச்சியின் மனசு, அதுதானே நாற்காலி கொண்டுவந்தது, அப்படியென்றால் மனம் என்ற அணிதானே ஜெயிக்கிறது என்று. கதையின் கடைசி வரியைக் கேளுங்கள். கல்யாண வீட்டார் வேனில் ஏறினார்கள். ஸ்டூல் கீழே போய்விட்டது. அக்கா திரும்பவும் நின்றாள். ஆச்சி எவ்வளவு பெரிய மனசுக்காரர்! அந்த மனசால் ஒரு ஸ்டூலை அந்த வேன் நிற்கும் வரைதான் நிறுத்திவைக்க முடிந்தது. மறுநாளைக்கும் ஸ்டூல் வேண்டுமென்றால் அதற்கு விதி மாற வேண்டும்.

விதி மாறியது. தானாக மாறவில்லை. கேரளாவில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் சேர்ந்து உட்காரவும் கழிப்பறை போகவும் உரிமை கேட்டுப் போராடினார்கள். உட்காரும் உரிமை 2018-இல் அங்கே சட்டமானது. நம் சட்டமன்றத்தில் 2021 செப்டம்பர் 6 அன்று மசோதா வந்தது. 1947-ஆம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஊழியர் எல்லாருக்கும் தகுந்த இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம், இவ்வளவுதான் அதில் இருக்கிறது. 'வாய்ப்புக் கிடைக்கும்போது'. இந்த அளவு எளிய விஷயத்துக்கு, சுதந்திரம் வந்து எத்தனை காலம் கழித்து ஒரு சட்டப்பிரிவு தேவைப்பட்டிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள், கோபம் வருகிறதா இல்லையா?

தம்பி இன்னொன்றும் சொன்னார். "எங்க தாத்தா காலத்துல இந்த ஸ்ட்ரெஸ்ஸெல்லாம் கிடையாது" என்றார். சரி, தாத்தா காலத்து ஜவுளிக்கடைக்கே போவோம். அங்கே என்ன இருந்தது? வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை. கடைக்காரரும் அதில் உட்கார்ந்திருப்பார், வாங்க வந்தவர்களும் அதில்தான் உட்காருவார்கள், சேலை நடுவில் கிடக்கும். பழைய பட்டுக்கடைகள் சிலவற்றில் இன்றைக்கும் பார்க்கலாம். தாத்தா காலத்துக்கே போகலாம் தம்பி, நாங்கள் தயார், மெத்தையோடு கொடுங்கள்!

மனசுதான் காரணம், யோகா பண்ணுங்கள், மூச்சை இழுத்து விடுங்கள் என்று எதிரணி அம்மா ஒருவர் அழகாகப் பேசினார். யோகா நல்லது, மறுக்கவில்லை. ஆனால் சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. கம்பெனிகளில் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு பலூன் ஊதும் போட்டி வைக்கிறார்கள், மோட்டிவேஷன் வகுப்பு வைக்கிறார்கள். அது முடிந்ததும் மிச்ச வேலையை முடிக்க ராத்திரி பத்து மணி வரை உட்கார வேண்டும், அதற்கப்புறம் அமெரிக்காக்காரரோடு கால். அந்தப் பிள்ளைகளுக்குத் தேவை பலூனா, நேரத்துக்கு வீட்டுக்குப் போவதா? வேலை நேரம் முடிந்தபின் அலுவலகத் தொடர்பை விலக்கிவைக்கும் உரிமையை பிரான்ஸ் 2017-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது, ஆஸ்திரேலியா 2024-இல் கொண்டுவந்தது. அந்த நாட்டுக்காரர்களுக்கு மூச்சை இழுத்து விடத் தெரியாதா என்ன?

லண்டனில் அரசு அலுவலக ஆண்கள் 17,000-க்கும் மேற்பட்டவர்களை 1967-இலிருந்து வருடக்கணக்காக ஆராய்ந்தார்கள். வைட்ஹால் ஆய்வு என்பார்கள். மேலதிகாரிக்குத்தான் பொறுப்பு அதிகம், அவருக்குத்தான் மாரடைப்பு வரும் என்று நாம் நினைப்போம். நேர்மாறாக இருந்தது. அடிமட்ட ஊழியர்கள் இதய நோயால் இறந்தது, உச்சியில் இருந்தவர்களைப் போல மூன்று மடங்குக்கும் மேல். புகை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்தும் வித்தியாசம் முழுதாகப் போகவில்லை. பிறகு செய்த ஆய்வில் காரணங்களில் ஒன்று தெரிந்தது. தன் வேலை மீது தனக்கு எந்த அதிகாரமும் இல்லாமல் இருப்பது. எப்போது உட்காரலாம், எப்போது தண்ணீர் குடிக்கலாம், எப்போது எழுந்து போகலாம், இதையெல்லாம் இன்னொருவர் முடிவு செய்தால் அது நெஞ்சை அரிக்கும். வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்ததால் வந்த பக்கவாதத்திலும் இதய நோயிலும் 2016-இல் மட்டும் உலகத்தில் 7,45,000 பேர் இறந்ததாக உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து கணக்குச் சொன்னார்கள். இத்தனை பேரும் மனசைச் சரியாக வைத்துக்கொள்ளாதவர்களா?

மணி அடித்துவிட்டார்கள். ஐயா, இரண்டு நிமிடம் கொடுங்கள்.

தியாகராய நகரிலும் மதுரையிலும் கோவையிலும் நாம் தீபாவளிக்குத் துணி எடுக்கிற கடைகளில் நிற்கிற பிள்ளைகள் யார்? தென்காசிப் பக்கம், திண்டுக்கல் பக்கம், விழுப்புரம் பக்கம் என்று ஏதோ ஒரு கிராமத்திலிருந்து வந்தவர்கள். பத்தாவது, பன்னிரண்டாவதோடு நின்றவர்கள். அப்பாவின் கடன், தம்பி படிப்பு, தங்கச்சி கல்யாணம், ஏதோ ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். அடிக்கடி கழிப்பறைக்குப் போனால் திட்டு விழும் என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறவர்கள். அந்த வேலை கொடுத்த நோவும் எரிச்சலும் ரத்தநாளம் புடைத்த காலும் கல்யாணத்துக்கப்புறமும் கூடவே போகும். கடை ஹாஸ்டலில் ராத்திரி பாயைப் போட்டதும் முதல் வேலையாகக் காலைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவைத்துக்கொள்வார்கள், வரிசையாக எல்லாருமே. அக்காதான் சொன்னாள். அப்படிக் காலைத் தூக்கிவைத்துக்கொண்டேதான் வீட்டுக்கு போன் போடுவாளாம். "சாப்பிட்டியா கண்ணு?" "சாப்பிட்டேம்மா." "நல்லா இருக்கியா?" "நல்லா இருக்கேம்மா." அந்த அம்மாவுக்குக் கால் தெரியாது, குரல் மட்டும்தான் கேட்கும். பெரியம்மா கடைசி வரைக்கும் பிள்ளை ஏசியில் வேலை பார்க்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தம்பி, நீ கட்டில் என்று சொன்னபோது எனக்கு அந்தப் பாய்கள்தான் கண்ணில் வந்தன. உன் மேல் கோபமில்லை, நீயும் யாருக்கோ அண்ணன்தான்.

நடுவர் ஐயா, தீர்ப்பு உங்கள் கையில், நீங்கள் எந்தப் பக்கம் சொன்னாலும் நான் வணங்கி ஏற்பேன். அவையில் இருக்கிற தாய்மார்களிடம் மட்டும் ஒன்று கேட்டுக்கொண்டு போகிறேன். உங்கள் பிள்ளை கடையில் வேலை பார்க்கிறாளா? இன்றைக்கு ராத்திரி போனில் "சாப்பிட்டியா"வோடு சேர்த்து "உட்கார விட்டாங்களா"ன்னும் கேளுங்கள். இல்லை என்று சொன்னால், 22-ஏ என்று எழுதி மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு ஒரு புகார் அனுப்புங்கள். துணி எடுக்கப் போகிறவர்கள், எதிரில் இருக்கிற பிள்ளை நின்றுகொண்டிருந்தால் அந்த ஆச்சியைப் போல வாயைத் திறந்து கேளுங்கள், "இவளுக்கு நாற்காலி எங்கே?" என்று. சூப்பர்வைசர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

நன்றி, வணக்கம்.