லேக் வியூ ரோட்டில் லேக் எங்கே?

(வேளச்சேரியில் நடந்த மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, மாதம் தவறாமல் இந்தக் கூட்டத்துக்கு ஆள் பிடிக்கும் செயலாளர் அவர்களே, வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஐயா அவர்களே (உங்களை வைத்துக்கொண்டே பட்டாவைப் பற்றிப் பேசப் போகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது), எனக்கு முன்னால் பேசி என் நேரத்திலும் கால்வாசி எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, வரவேற்புரையில் என்னை 'ஏரிப் பைத்தியம்' என்று அறிமுகப்படுத்திய தம்பி அவர்களே, பின்வரிசைத் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

'மக்கள்தொகைப் பெருக்கமும் வளரும் நாடும்' என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. சோறு, வேலை, தண்ணீர் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

1951 கணக்கெடுப்பில் இந்தியாவில் 36 கோடிப் பேர். 2011-ல் 121 கோடி. 2023-ல் சீனாவையும் தாண்டிவிட்டோம் என்றது ஐ.நா. இத்தனைக்கும், 1952-லேயே குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக எடுத்த முதல் நாடு நாம். தலைகள் இந்த வேகத்தில் கூடினால் ஏழை நாட்டுக்கு என்ன கஷ்டம்? போன வருஷம் கட்டிய பள்ளிக்கூடம் இந்த வருஷம் போதாது. புதிதாக ஒன்று செய்ய வைத்திருந்த பணம், இருப்பதையே இன்னும் பத்துப் பேருக்குப் பங்கு வைப்பதில் போய்விடும். 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பார் என் பாட்டி. சோற்றைப் பற்றிப் பேராசிரியர் விரிவாகவே சொல்லிவிட்டார். வேலைக்கு அப்புறம் வருகிறேன்.

தண்ணீருக்கு வருவோம். என் மாமா ஒருவர் திருநெல்வேலிப் பக்கம். எத்தனை வருஷமானாலும் குளத்தில் முங்கிக் குளித்தால்தான் அவருக்குக் குளியல். நாங்கள் மேற்கு மாம்பலத்தில் குடியிருந்தபோது ஒரு தடவை வந்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு ஆளைக் காணோம். தோளில் துண்டு, கையில் சோப்புப் பெட்டி. லேக் வியூ ரோடு என்று பெயர்ப்பலகையைப் பார்த்திருக்கிறார். லேக் என்றால் குளம்தானே? ரோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்திருக்கிறார். டீக்கடையில், "அண்ணாச்சி, குளம் எந்தப் பக்கம்?" என்று கேட்க, கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "முதல்ல ஒரு டீ சாப்பிடுங்க பெரியவரே" என்றாராம். பால் வாங்க வந்தவர்கள், பேப்பர் போடும் பையன் என்று நாலைந்து பேர் கூடி, ஆளுக்கொரு திசையைக் காட்டியிருக்கிறார்கள். கடைசியில் ஒரு ஆட்டோக்காரர்தான் பொறுமையாக, "நீங்க நிக்கிறதே ஏரிலதான் சார்" என்றிருக்கிறார். மாமா குனிந்து காலைப் பார்த்தாராம். தார் ரோடு!

ஆட்டோக்காரர் சொன்னது பொய்யில்லை. அந்தப் பக்கம் இருந்த பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தியாகராய நகரை உருவாக்கினார்கள்.

கதை முடியவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். நாலு நாள் கழித்து போன் கிடைத்ததும் முதல் அழைப்பு மாமாவுடையது. "ஏலே, டிவியில பாத்தேன். உங்க குளம் திரும்பி வந்துட்டு போலுக்கே!"

அதற்கு அடுத்த நாலாவது வருஷம், 2019-ல், செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. வில்லிவாக்கத்தில் வந்து நின்ற ஒரு ரயிலில் 25 லட்சம் லிட்டர். வருஷத்துக்குச் சராசரி 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊருக்கு! கிருஷ்ணா நீர், வீராணம் நீர், கடலைக் குடிநீராக்க மீஞ்சூர், நெம்மேலி. எல்லாம் வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் பெய்கிற மழையைப் பிடித்து வைக்க இருந்த பாத்திரத்தையே அல்லவா உடைத்துவிட்டோம்! ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள். நாம் ஏரியையே அளந்து மனை போட்டோம். வட்டாட்சியர் ஐயா சிரிக்கிறார், நன்றி.

பெற்றவர்கள் மேல் பழி போடுவது சுலபம். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளை என்கிறது 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பு. தாய் தகப்பன் இருவருக்கு ஈடாகக்கூடப் பிறக்கவில்லை. சென்னை பெருப்பதில், எழும்பூரிலும் கிளாம்பாக்கத்திலும் பெட்டியோடு இறங்குகிறவர்களுக்கும் பங்குண்டு. நானும் அப்படி இறங்கியவன்தான். வருகிறவனுக்கு வீடு வேண்டும். அதை எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று கோடு கிழிக்க வேண்டியவர்கள் கிழிக்கவில்லை.

நம் வேளச்சேரி ஏரியையே பாருங்கள். பாதிக்கு மேல் வீடாகவும் சாலையாகவும் போய்விட்டது. மிச்சத்தில் ஆகாயத்தாமரை, சாக்கடை. எல்லைக்கல் நடுங்கள் என்று மனுவோடு ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். மூன்றாம் முறை, "முதல் மனுவின் நகல் இருக்கிறதா?" என்று என்னிடமே கேட்டார்கள்!

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். வேலையைப் பற்றி இன்னொரு மாதம் பேசுகிறேன். வாசலில், காபி டிரம்முக்குப் பக்கத்து மேஜையில் நாலாவது மனு இருக்கிறது. இதுவரை 62 கையெழுத்து. பேனா நூல் கட்டித்தான் வைத்திருக்கிறேன். போன மாதம் இரண்டு காணாமல் போய்விட்டன.