பதினாறும் தோற்ற அணி

எல்லாருக்கும் வணக்கம். மேடைக்குக் கூப்பிட்டால் வெற்றிக் கதை சொல்வதுதான் வழக்கம், நான் ஒரு தோல்விக் கதையோடு வந்திருக்கிறேன். கல்யாண வீட்டில் பெரியவர்கள் 'பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க' என்று வாழ்த்துவார்கள் இல்லையா, அமெரிக்கக் கால்பந்தில் டெட்ராய்ட் லயன்ஸ் என்று ஓர் அணி 2008-ல் பதினாறையும் தோற்றது. 16 ஆட்டம், 16 தோல்வி, பேருக்கு ஒரு டிரா கூடக் கிடையாது. இத்தனைக்கும் அந்த சீசனுக்கு முன்னால் நடந்த பயிற்சி ஆட்டங்கள் நான்கிலும் ஜெயித்துவிட்டு வந்தவர்கள்!

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு நிமிடம். பேர்தான் கால்பந்து, பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். 10 கஜம் முன்னேற நான்கு வாய்ப்பு தருவார்கள், முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு. எதிராளியின் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. அது முடியாது என்று தோன்றினால் இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி வாங்கிக்கொண்டு திரும்பலாம். யாருக்கு எறிவது, யார் கையில் கொடுப்பது என்று களத்தில் முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக். இவ்வளவு போதும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும், என் பேச்சே அதன் மேல்தான் நிற்கிறது. என்.எஃப்.எல். லீகில் 32 அணிகள். தேசிய டிவி ஒப்பந்தப் பணம் எல்லாருக்கும் சம பங்கு. வீரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, பணக்கார அணி என்பதற்காக நல்ல ஆட்களை அள்ளிக்கொண்டு போக முடியாது. கல்லூரியிலிருந்து வரும் இளைஞர்களைப் பொறுக்கும் டிராஃப்டில், போன சீசனில் கடைசியாக வந்த அணிக்குத்தான் முதல் வாய்ப்பு. அதாவது விழுந்தவனைக் கைகொடுத்துத் தூக்கிவிட விதிமுறையே போட்டு வைத்திருக்கிறார்கள். அப்படி ஓர் இடத்தில் அறுபது வருஷத்துக்கு மேல் எழுந்திருக்காமல் கிடப்பது லேசுப்பட்ட காரியமா?

ஆரம்பம் ஒன்றும் மோசமில்லை. 1930-ல் ஒஹாயோ மாநிலத்தில் போர்ட்ஸ்மவுத் என்ற சின்ன ஊரிலிருந்து ஸ்பார்ட்டன்ஸ் என்ற பெயரில் லீகில் சேர்ந்தார்கள். 1934-ல் ஜார்ஜ் ரிச்சர்ட்ஸ் என்ற ரேடியோ நிலைய முதலாளி வாங்கி டெட்ராய்ட்டுக்குக் கொண்டுவந்தார். ஊரில் ஏற்கெனவே டைகர்ஸ் என்று பேஸ்பால் அணி இருந்தது, இவர் லயன்ஸ் என்று வைத்துவிட்டார். மனிதர் கெட்டிக்காரர். தேங்க்ஸ்கிவிங் விடுமுறையன்று சிகாகோ பேர்ஸ் அணியோடு ஆட்டம் வைத்து, நாடு முழுக்க ரேடியோவில் ஒலிபரப்பும் ஏற்பாடு செய்தார். இன்றைக்கும் தேங்க்ஸ்கிவிங் என்றால் டெட்ராய்ட்டில் ஆட்டம் உண்டு. 1935, 1952, 1953, 1957 என்று நான்கு சாம்பியன் பட்டம். 1957 இறுதியாட்டத்தில் கிளீவ்லண்டை 59-14 என்று துவைத்து எடுத்தார்கள்.

அதோடு சரி.

1958-ல் பாபி லேன் என்ற தங்கள் குவார்ட்டர்பேக்கை பிட்ஸ்பர்க் அணிக்கு அனுப்பிவிட்டார்கள். 'இன்னும் 50 வருஷத்துக்கு நீங்கள் ஜெயிக்கமாட்டீர்கள்' என்று அவர் சாபம் விட்டுப் போனதாக ஊரில் ஒரு கதை. 1958-ஐயும் 50-ஐயும் கூட்டினால் 2008! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு இந்தச் சாபக் கதை பிடிக்காது, ஏனென்றால் சாபம் என்று சொல்லிவிட்டால் முதலாளியைக் கேள்வி கேட்க வேண்டியதில்லை.

முதலாளி யார்? ஹென்றி ஃபோர்டின் பேரன், வில்லியம் கிளே ஃபோர்டு. 1963 நவம்பரில், கென்னடி சுடப்பட்ட அதே நாளில்தான் அணியை அவருக்கு விற்க ஒப்புதல் கிடைத்தது. அவர் 2014-ல் இறக்கும் வரை, ஐம்பது வருஷத்தில், சீசன் முடிந்தபின் வரும் நாக்-அவுட் சுற்றான பிளே-ஆஃபில் அணி ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம், 1992 ஜனவரியில் டல்லாஸை 38-6 என்று. கெட்ட மனிதர் என்று யாரும் சொன்னதில்லை, பொறுமைசாலி. அந்தப் பொறுமைதான் வினை. இந்த லீகில் கடைசியாக வந்தாலும் கீழ்ப்பிரிவுக்கு இறக்கமாட்டார்கள், தேங்க்ஸ்கிவிங் ஆட்டம் எப்படியும் உண்டு, டிவி பங்கும் வந்து சேரும். தோற்றால் முதலாளிக்கு என்ன வலி?

அந்த வலியை விளையாடியவர்கள்தான் பட்டார்கள். பாரி சாண்டர்ஸ் என்று ஒருவர், பந்தோடு ஓடுவதில் அவரைப் போல ஒரு ஆள் நான் பார்த்ததில்லை, நாலு பேர் பிடித்துவிட்டார்கள் என்று நினைக்கும்போது ஐந்தாவது பக்கமாக வெளியே வருவார். 1997-ல் ஒரே சீசனில் 2,053 கஜம். வால்ட்டர் பேட்டன் வைத்திருந்த வாழ்நாள் ஓட்டச் சாதனையைத் தொட இன்னும் 1,457 கஜம்தான் பாக்கி, 31 வயது, உடம்பில் ஒரு குறையும் இல்லை. 1999 ஜூலையில் சொந்த ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு ஓய்வு பெற்றுவிட்டார். தோற்றுத் தோற்றுச் சலித்துப்போனதைப் பின்னாளில் அவரே சொன்னார்.

அப்புறம் மேட் மில்லன். நல்ல வீரர், டிவி வர்ணனையாளர், நிர்வாக அனுபவம் மட்டும் கிடையாது. 2001-ல் அணியையே அவர் கையில் கொடுத்தார்கள். 2003, 2004, 2005 என்று மூன்று வருஷமும் டிராஃப்டின் முதல் சுற்றில் வைடு ரிசீவரையே எடுத்தார், பந்து பிடிக்கிறவர்களை. வீட்டுக்கு அஸ்திவாரம் போடாமல் வருஷா வருஷம் ஜன்னல் வாங்குகிற மாதிரி. ரசிகர்கள் அவரை நீக்கச் சொல்லி அட்டை பிடித்தார்கள். 31 வெற்றி, 84 தோல்வி ஆகும் வரை, 2008 செப்டம்பர் வரை, அவரை வைத்திருந்தார்கள்.

அந்த 2008-ஐ ஒரே காட்சியில் சொல்கிறேன். அக்டோபர் 12, மினசோட்டாவில் ஆட்டம். டான் ஆர்லாவ்ஸ்கி, குவார்ட்டர்பேக்காக அவர் தொடங்கிய முதல் ஆட்டமே அதுதான். தன் பக்கத்துக் கடைசிக் கோட்டுக்கு அருகில் பந்தை வாங்கி வலப்பக்கமாக ஓடுகிறார், எதிரணியின் ஜாரெட் ஆலன் துரத்துகிறார். ஓடுகிற வேகத்தில் பின்கோட்டைத் தாண்டி மைதானத்துக்கு வெளியே போய்விட்டது அவருக்கே தெரியவில்லை. வெளியே ஓடிக்கொண்டே யாருக்கு எறியலாம் என்று பார்க்கிறார், விசில் ஊதிவிட்டார்கள். அப்படி வெளியே போனால் எதிரணிக்கு 2 புள்ளி. ஆட்டம் முடிந்தபோது கணக்கு 12-10. சரியாக அந்த இரண்டு புள்ளி.

அந்த 2008 அணியின் ஆள் பட்டியலில் டான் கேம்பெல் என்றும் ஒருவர் இருந்தார், காயம்பட்டு உட்கார்ந்துவிட்டார். 2021-ல் அவரே கோச்சாக வந்தார். அதற்கு முந்தைய வருஷம்தான் அணிப் பொறுப்பு ஃபோர்டின் மகள் ஷீலா ஃபோர்டு ஹாம்ப் கைக்கு வந்திருந்தது. எங்களைக் கீழே தள்ளினால் எழுந்திருக்கும்போது முழங்கால் சில்லைக் கடித்துக்கொண்டுதான் எழுவோம் என்று கேம்பெல் முதல் நாளே பேச, நாடே சிரித்தது. முதல் சீசன் 3 வெற்றி, 13 தோல்வி, 1 டிரா. இரண்டாவதில் முதல் ஏழு ஆட்டத்தில் ஆறு தோல்வி, ஆனால் முடிக்கும்போது 9 வெற்றி, 8 தோல்வி.

2023 சீசனில் 12-5, பிளே-ஆஃப் வேறு சொந்த ஊரில். எதிரே வந்தது யார்? 12 வருஷம் லயன்ஸில் குவார்ட்டர்பேக்காக உழைத்து, லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குப் போன முதல் சீசனிலேயே லீகின் இறுதியாட்டமான சூப்பர் பவுல் ஜெயித்த மேத்யூ ஸ்டாஃபோர்டு. இந்தப் பக்கம், அவருக்கு மாற்றாக ராம்ஸ் கழித்துக்கட்டிய ஜாரெட் காஃப். 24-23, லயன்ஸ் வெற்றி. 32 வருஷத்துக்குப் பிறகு ஒரு பிளே-ஆஃப் வெற்றி, அரங்கம் முழுக்க காஃப் பெயரைக் கத்திக்கொண்டிருந்தது.

இரண்டு வாரம் கழித்து சான் ஃபிரான்சிஸ்கோவோடு மோதல், ஜெயித்தால் சூப்பர் பவுல். பாதியில் 24-7 முன்னிலை. பிறகு காஃப் அணிக்கு எல்லாம் தலைகீழ். லயன்ஸ் தடுப்பாளரின் முகக் கவசத்தில் பட்டுத் தெறித்த பந்து எதிரணிக்காரர் கையில் போய் விழுந்தது. 3 புள்ளிக்கு உதைக்க வேண்டிய இடத்தில் இரண்டு முறை கேம்பெல் துணிந்து நான்காவது வாய்ப்பை ஆடினார், இரண்டும் போயிற்று. முடிவு 34-31. உதைத்திருக்க வேண்டாமா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த மனிதர் அப்படி ஆடித்தான் அதுவரை வந்திருந்தார்.

அடுத்த சீசன் 15-2, அணியின் வரலாற்றிலேயே சிறந்த கணக்கு. ஆனால் அதற்குள் தடுப்பாட்டக்காரர்கள் பாதிப் பேர் காயத்தில், ஏடன் ஹட்சின்சன் அக்டோபரிலேயே கால் முறிந்து படுத்துவிட்டார். 2025 ஜனவரியில் சொந்த அரங்கில் வாஷிங்டனிடம் 45-31 என்று தோற்றுப்போனார்கள். சூப்பர் பவுலை எட்டிக்கூடப் பார்க்காத அணிகள் லீகில் நான்கு, அதில் லயன்ஸ் இன்னும் இருக்கிறது. கேள்வி இருந்தால் கேளுங்கள், ஆட்டத்து விதிகளை மட்டும் ரொம்ப நோண்டாதீர்கள்.