நைல்ஸ்ஃப்ளேயில் தானாக விளையும் நெல்

வணக்கம். கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குறேன், இந்தக் கதிர் தெரியணும். நெல்லு மாதிரி இருக்கேன்னு தோணுதா? நெல்லேதான். யாரும் உழுது விதைச்சதில்ல. ஆப்பிரிக்காவோட சொந்தக் காட்டு நெல், ஒரைசா லாஞ்சிஸ்டாமினேட்டா.

இடம் தென்னாப்பிரிக்காவோட லிம்போபோ மாகாணம், நைல்ஸ்ஃப்ளே இயற்கைக் காப்பகம். ஜோகன்னஸ்பர்க் லெனேசியா, பிரிட்டோரியா லாடியம் பக்கம் இருக்கிற நம்மவங்க என்-1 ரோட்டுல வடக்கே மோடிமொல்லே ஊரைத் தாண்டி வரணும். காப்பகம் 4,000 ஹெக்டேருக்குக் கொஞ்சம் குறைவு. இங்க ஓடுற நைல்ங்கிற சின்ன ஆத்தோட வெள்ளச் சமவெளி மொத்தமாப் பாத்தா ஏறக்குறைய 70 கிலோமீட்டர் நீளம். காப்பகத்தை 1998ல ராம்சர் பட்டியல்ல, அதாவது உலகத்தோட முக்கியமான ஈரநிலங்கள் பட்டியல்ல சேர்த்தாங்க. 19ஆம் நூற்றாண்டுல மாட்டுவண்டியில வந்த போயர்கள், அதாவது டச்சு வம்சாவளி விவசாயிங்க, ஆறு வடக்கே ஓடுறதைப் பாத்து எகிப்து நைல்தான்னு நம்பினாங்களாம். பேரு அப்படியே நின்னுடுச்சு.

இப்போ அடையாளம். முதல்ல, இலை தண்டைப் பிடிக்கிற இடம் பாருங்க. வெள்ளைச் சவ்வு ஒண்ணு நாக்கு மாதிரி கூர்மையா நிக்குது. அடி இலைகள்ல இது 1.5 சென்டிமீட்டருக்கு மேல இருக்கும். வயல்ல களை பறிச்ச வீட்டுக்காரங்களுக்குத் தெரியும், குதிரைவாலிக் களையில இந்த நாக்கே இருக்காது. அடுத்து பூ. பெரும்பாலான புல்லுக்கு மகரந்தப் பை மூணு, நெல்லுக்கு ஆறு. ஆனா ஆறு இருக்குன்னதும் முடிவு கட்டிடாதீங்க. லீர்சியா ஹெக்ஸாண்ட்ராங்கிற புல்லுக்கும் ஆறுதான், அதுவும் இப்படிச் சதுப்புலதான் வளரும். அதோட மணி பொடிசு, நுனியில மீசை கிடையாது. காட்டு நெல்லோட மீசை பல சென்டிமீட்டர் நீளம் போகும். பத்து மடங்கு பெரிசாக்கிற கைலென்ஸ் போதும், கதிரைப் பறிக்க வேண்டியதே இல்ல.

மணி முத்தினதும் தானா உதிர்ந்துடும், அதனால வயல் நெல்லு மாதிரி அறுவடை பண்றது கஷ்டம். தன் மகரந்தத்தைத் தானே ஏத்துக்காத செடி, விதை கம்மியாத்தான் பிடிக்கும். இது நம்பியிருக்கிறது மண்ணுக்குள்ள ஓடுற கிழங்குத் தண்டை. மழை பொய்ச்ச வருஷம் மேல எல்லாம் காய்ஞ்சாலும், அந்தத் தண்டு களிமண்ணுக்குள்ள உயிரோட காத்திருக்கும்.

இந்தத் தண்டாலதான் உலகமே இதைத் தேடுது. சீனாவுல 2018ல வெளியிட்ட பிஆர்23ங்கிற பல்லாண்டு நெல், சாதா நெல்லையும் இதையும் இனக்கலப்பு பண்ணி எடுத்தது. ஒரு தடவை நட்டா பல போகம் அறுக்கலாம். பாக்டீரியா இலைக்கருகலைத் தாங்குற எக்ஸ்ஏ21 மரபணுவும் இதே இனத்துலேர்ந்து, மாலி நாட்டுச் செடி ஒண்ணுலேர்ந்து வந்தது. 1995ல அதைப் பிரிச்செடுத்தாங்க. இப்படி ஒரு செடி நம்ம ஊர்ல, வேலிக்கு அந்தப் பக்கம் நிக்குது!

இனி தண்ணி. ஆறுன்னு சொன்னாலும் சமவெளிக்குள்ள ஆழமான கரைகட்டின ஓட்டம் கிடையாது. வாட்டர்பெர்க் மலை ஓடைங்க கொண்டு வர்ற தண்ணி இங்க வந்து தட்டுல ஊத்தின மாதிரி பரவி நிக்கும். அது எல்லா வருஷமும் நடக்காது, நல்ல மழை பேஞ்ச கோடையில மட்டும்தான். ரொம்ப நாள் தண்ணி நிக்கிற பள்ளத்துல காட்டு நெல். மேடேற ஏற மத்த புல்லு. நனையாத ஓரத்துல செம்புல், அதாவது ரூய்க்ராஸ், அப்புறம் முள்மரம். புல்லைப் பாத்தே தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சுன்னு சொல்லிடலாம்.

கெடுறதும் தண்ணியாலதான். குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டினா போதும், வரப்பு உடைஞ்ச வயல் மாதிரி தண்ணி நிக்காம ஓடிடும். ரோட்டுக்கு மண்மேடு போட்டா ஒரு பக்கம் தேங்கும், மறுபக்கம் காயும். மேல அணை கட்டினா, காலியாக் கிடக்கிற அணை முதல் வெள்ளத்தைப் பிடிச்சுக்கும். சின்ன வெள்ளம்தான் முதல்ல காணாமப் போகும். பெருவெள்ளம் வருதே, என்ன குறைஞ்சு போச்சுன்னு கேக்குறவங்க இந்தச் சின்ன வெள்ளத்தை மறந்துடுறாங்க.

வர்றதா இருந்தா பிப்ரவரியிலேர்ந்து ஏப்ரலுக்குள்ள, தண்ணி இருக்கான்னு காப்பகத்துல விசாரிச்சுட்டு வாங்க. பேன்ட் நுனியை சாக்ஸுக்குள்ள சொருகிக்கோங்க, புல்லுல உண்ணி இருக்கும். திரும்பினதும் முழங்காலுக்குப் பின்னாடி, இடுப்பு மடிப்பு, தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்க. பத்து நாளுக்குள்ள காய்ச்சலும் கடிச்ச இடத்துல கறுப்புப் பொருக்கும் வந்தா டாக்டர்கிட்ட உண்ணி கடிச்சதைச் சொல்லுங்க. விதையோ தண்டோ எடுத்துட்டுப் போகாதீங்க. பாதையை விட்டும் இறங்காதீங்க, ஈரக் களிமண்ணுல பதிஞ்ச காலடி காய்ஞ்சா குழியா இறுகிடும்.

காத்து அடங்கிடுச்சு. இதோ பாருங்க, மகரந்தப் பை ஆறும் தொங்குது.