14,430 ரூபாய் எங்கிருந்து வந்தது? வருமான வரி டிமாண்டைப் பிரித்துப் படிக்கும் முறை

[திரை: வெள்ளைப் பின்னணியில் ஒரே ஓர் எண், 14,430]

வணக்கம். வருமான வரித் துறையிலிருந்து உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது. நீங்கள் 14,430 ரூபாய் பாக்கி வைத்திருக்கிறீர்கள், கட்டுங்கள் என்கிறது. இப்படிக் கேட்கும் தொகையைத்தான் டிமாண்டு என்பார்கள். உங்கள் சம்பளத்தில் மாதந்தோறும் வரி பிடித்திருக்கிறார்கள். ரிட்டர்னை உரிய தேதிக்குள் தாக்கல் செய்தபோது பாக்கி எதுவும் இல்லை என்றுதான் காட்டியது. இப்போது சம்பளச் சீட்டைப் பார்க்கிறீர்கள், வேலை கொடுத்தவர் தந்த வரிப் பிடித்தச் சான்றான ஃபாரம் 16-ஐப் புரட்டுகிறீர்கள், வங்கிப் பாஸ் புத்தகத்தையும் எடுத்துப் பார்க்கிறீர்கள். 14,430 என்ற தொகை எதிலும் இல்லை.

இந்த நேரத்தில் பலர் பயந்துபோய் உடனே கட்டிவிடுகிறார்கள். இன்னும் பலர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மறந்துபோகிறார்கள். இரண்டும் வேண்டாம். தொகை எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் கட்டத் தேவையில்லை. ஆனால் பதில் சொல்லாமலும் இருக்கக் கூடாது.

[திரை: சித்தூர் தாலுகாவின் வரைபடம், கிழக்கே பொள்ளாச்சி, கோவை]

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் குடியிருந்துகொண்டு பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் வேலைக்குப் போய்வருகிற நம்மவர்களை மனத்தில் வைத்தே இந்த வீடியோவைத் தயாரித்திருக்கிறேன். வருமான வரி மத்திய அரசின் வரி. எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் அந்தப் பக்கம் இருந்தாலும் விகிதம் ஒன்றுதான். ஆனால் எல்லையில் வாழ்வதால் வரும் சிக்கல் ஒன்று உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், வந்த கடிதம் உண்மையானதா என்று பாருங்கள். 2019 அக்டோபர் 1 முதல் துறை அனுப்பும் கடிதங்களில் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும் என்பது விதி. அதைச் சுருக்கமாக டின் என்பார்கள். துறையின் இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால் கடிதம் அசலா என்று தெரிந்துவிடும். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடவே தொடாதீர்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்து தளத்துக்குள் செல்லுங்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் பலருடைய ரிட்டர்னை இணையச் சேவை தரும் அக்ஷயா மையத்திலோ, வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் ஒருவரிடமோதான் கொடுக்கிறோம். அவசரத்தில் அவர்கள் தங்கள் மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் பதிவு செய்துவிட்டால், துறையின் கடிதம் எல்லாம் அவர்களுக்குத்தான் போகும். உங்களுக்கு எதுவும் தெரியாமலே கெடு முடிந்துவிடும். இன்றைக்கே தளத்தில் உங்கள் விவரப் பக்கத்தைத் திறந்து, அங்கே இருப்பது உங்கள் எண்தானா என்று பாருங்கள்.

[திரை: இன்டிமேஷன் பக்கம், இரண்டு பத்திகள்]

உங்களுக்கு வந்திருக்கும் தாளின் பெயர் 143(1) இன்டிமேஷன். பெங்களூரில் இருக்கும் மத்தியச் செயலாக்க மையம் அனுப்புவது. உங்கள் ரிட்டர்னைத் தன்னிடம் உள்ள தரவுகளோடு கணினியே ஒப்பிட்டுப் பார்த்துத் தரும் கணக்கு இது. ஓர் அதிகாரி உங்கள் மீது சந்தேகப்பட்டு எழுதிய உத்தரவு என்று நினைத்துக் கலங்க வேண்டாம். நீங்கள் ரிட்டர்ன் தாக்கல் செய்த நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதங்களுக்குள் இது வர வேண்டும். கோப்பைத் திறக்கக் கடவுச்சொல் கேட்கும். பான் எண்ணைச் சிறிய எழுத்துகளில் அடித்து, அதோடு பிறந்த தேதி, மாதம், ஆண்டை இடைவெளியில்லாமல் சேர்த்துக் கொடுங்கள்.

உள்ளே இரண்டு பத்திகள் இருக்கும். இடப்பக்கம் நீங்கள் சொன்ன எண்கள், வலப்பக்கம் துறை கணக்கிட்ட எண்கள். கடைசியில் இருக்கும் தொகைக்கு நேராகப் போய்விடாதீர்கள். மேலிருந்து வரிசை வரிசையாக இறங்கி வாருங்கள். இரண்டு எண்களும் முதன்முதலாக எந்த வரிசையில் வேறுபடுகின்றனவோ, அங்கே நில்லுங்கள். அதற்குக் கீழே வரும் வித்தியாசங்களில் பெரும்பாலானவை அந்த ஒன்றிலிருந்து பிறந்தவையாகத்தான் இருக்கும்.

நம் எடுத்துக்காட்டைப் பிரித்துப் பார்ப்போம். 2024-25 நிதியாண்டு, புதிய வரி முறை. ஆண்டுச் சம்பளம் 10,75,000 ரூபாய். நிலையான கழிவு 75,000 போக 10,00,000. முதல் 3 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதாவது 20,000. அடுத்த 3 லட்சத்துக்கு 10 சதவீதம், 30,000. மொத்தம் 50,000. அதன் மேல் 4 சதவீத செஸ் 2,000. ஆக 52,000. இதுவரை இரண்டு பத்திகளும் ஒன்றாகவே இருக்கின்றன.

[திரை: டிடிஎஸ் வரிசை மட்டும் பெரிதாக, இடப்பக்கம் 52,000, வலப்பக்கம் 39,000]

வேறுபாடு தொடங்குவது டிடிஎஸ் வரிசையில். சம்பளம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வரிதான் டிடிஎஸ். உங்கள் சம்பளத்தில் காலாண்டுக்கு 13,000 வீதம் 52,000 பிடித்தாயிற்று. துறையின் ஏட்டில் மூன்று காலாண்டுகள்தான் பதிவாகியிருக்கின்றன. ஜனவரி முதல் மார்ச் வரையிலான 13,000 அங்கே இல்லை.

சரி, 13,000 குறைகிறது. 14,430 எப்படி ஆயிற்று? அந்த 13,000-ஐ நீங்கள் கட்டவேயில்லை என்று கணினி எடுத்துக்கொள்கிறது. பாக்கி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் முன்கூட்டியே வரி கட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். கட்டாததற்கு 234பி பிரிவின்படி மாதம் 1 சதவீத வட்டி. செப்டம்பரில் கணக்கு முடிந்தால் ஏப்ரலிலிருந்து 6 மாதம், 780 ரூபாய். தவணைகளைத் தவறவிட்டதற்கு 234சி பிரிவின்படி தனி வட்டி: ஜூன் தவணைக்கு 57, செப்டம்பருக்கு 174, டிசம்பருக்கு 291, மார்ச்சுக்கு 130. கூட்டினால் 652. இப்போது 13,000, 780, 652 மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். 14,432 வரும். பத்து ரூபாய்க்கு முழுமையாக்கினால் 14,430.

ஆக, விளங்காமல் நின்ற தொகையின் வேர், வேலை கொடுத்தவர் துறையில் பதிவு செய்யாத ஒரு காலாண்டு. டிடிஎஸ் சரியாகப் பதிவானால் வட்டி இரண்டும் தாமாகவே நீங்கிவிடும்.

[திரை: ஃபாரம் 16, முதல் பகுதியின் காலாண்டு அட்டவணை]

இதை உறுதி செய்துகொள்ள, உங்கள் பான் எண்ணில் பதிவான வரியைக் காட்டும் 26ஏஎஸ் என்ற படிவத்தை எடுங்கள். அதில் எந்தக் காலாண்டு விடுபட்டிருக்கிறது என்று தெரியும். பிறகு ஃபாரம் 16-இன் முதல் பகுதியைப் பாருங்கள். துறையின் டிடிஎஸ் தளமான டிரேசஸிலிருந்து இறக்கிய உண்மையான படிவத்தில் ஒவ்வொரு காலாண்டுக்கும் ரசீது எண் இருக்கும். அலுவலகத்தில் தட்டச்சு செய்து முத்திரை குத்திக் கொடுத்த தாளை நம்பி இருந்துவிடாதீர்கள். சிறிய நிறுவனங்களில் பான் எண்ணில் ஓர் எழுத்தை மாற்றி அடித்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. அப்படி நடந்தால் உங்கள் வரி வேறு யாருடைய கணக்கிலோ போய்க் கிடக்கும். இதை நீங்கள் திருத்த முடியாது. வரி பிடித்தவர்தான் திருத்த அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். எந்தக் காலாண்டு, எவ்வளவு தொகை என்று குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள்.

அவர் செய்யாவிட்டால்? இந்த இடத்தில் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது என்பதை அழுத்திச் சொல்கிறேன். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 205ஆம் பிரிவின்படி, உங்கள் வருமானத்தில் பிடித்துவிட்ட வரியை மறுபடி உங்களிடமே கேட்கக் கூடாது. பிடித்தவர் அரசுக்குக் கட்டாவிட்டாலும் அப்படித்தான். இப்படிப்பட்ட டிமாண்டை வசூலிக்க நிர்ப்பந்திக்கக் கூடாது என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2015 ஜூன் 1 அன்று அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியது. 2016 மார்ச் 11 அன்று மீண்டும் அதை வலியுறுத்தியது. இதெல்லாம் பெங்களூர்க் கணினிக்குத் தெரியாது, நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். ஆதாரம்? வரிப் பிடித்தம் காட்டும் சம்பளச் சீட்டுகளும், பிடித்தது போக மீதிச் சம்பளம் வரவான வங்கி அறிக்கையும். இரண்டையும் பத்திரப்படுத்துங்கள்.

[திரை: படிவம் 10ஈ]

வேறுபாடு எப்போதும் டிடிஎஸ் வரிசையில் வராது. அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்குச் சம்பளத் திருத்தத்தின் நிலுவை மொத்தமாகக் கைக்கு வரும்போது ஒரே ஆண்டில் வரி ஏறிவிடும். அதைக் குறைக்க 89ஆம் பிரிவில் நிவாரணம் உண்டு. ஆனால் ரிட்டர்னுக்கு முன்பே படிவம் 10ஈ-ஐ இணையத்தில் தாக்கல் செய்திருக்க வேண்டும். மறந்துவிட்டால் கணினி அந்த நிவாரணத்தைத் தள்ளிவிடும். அலுவலகமே சம்பளக் கணக்கில் நிவாரணம் கொடுத்துவிட்டது, நமக்கு வேலை இல்லை என்று இருந்துவிடாதீர்கள்.

தென்னையும் நெல்லும் வைத்திருக்கும் சம்பளக்காரர்களும் கவனிக்க வேண்டும். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை. ஆனால் அது 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானமும் வரி வரம்பைத் தாண்டினால், விகிதம் கணக்கிட மட்டும் அதைச் சேர்ப்பார்கள். வீட்டில் மனக்கணக்காகப் போட்ட வரிக்கும் துறையின் வரிக்கும் இடைவெளி விழுவது அதனால்.

வங்கியில் போட்ட வைப்புத் தொகையின் வட்டியை எழுத மறந்திருந்தால் தவறு நம்முடையது. ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையில் அது இருக்கும். அப்படியானால் டிமாண்டை ஒப்புக்கொண்டு கட்டிவிடுங்கள். கட்டும்போது 400 என்ற தலைப்பைத் தேர்ந்தெடுங்கள். ரிட்டர்னுக்கு முன் நாமாகக் கட்டும் வரிக்குரிய 300-ஐத் தேர்ந்தெடுத்தால், பணம் போன பிறகும் டிமாண்டு அப்படியே நிற்கும்.

[திரை: நிலுவை டிமாண்டுக்குப் பதில் தரும் பக்கம்]

ஒப்புக்கொள்ளாதவர்கள் தளத்தில் நிலுவைப் பணிகள் பகுதிக்குப் போய், டிமாண்டை ஏற்கவில்லை என்று தேர்ந்தெடுத்துக் காரணத்தைப் பதிவு செய்யுங்கள். முழுத் தொகையையும் மறுக்கலாம், ஒரு பகுதியை மட்டும் மறுக்கலாம். 30 நாள்களுக்குள் செய்யுங்கள். அதைத் தாண்டினால் நிற்கும் தொகைக்கு 220(2) பிரிவின்படி மாதம் 1 சதவீத வட்டி ஓடத் தொடங்கும். பேசாமல் விட்டால் அடுத்த ஆண்டு உங்களுக்கு வர வேண்டிய ரீஃபண்டில் கழித்துக்கொள்வார்கள். கழிப்பதற்கு முன் 245ஆம் பிரிவில் ஓர் அறிவிப்பு வரும். அதற்குப் பதில் சொல்ல 21 நாள் அவகாசம் கிடைக்கும்.

மறுப்பு மட்டும் போதாது. 154ஆம் பிரிவில் திருத்த மனுவும் போட வேண்டும். உத்தரவு வந்த நிதியாண்டு முடிந்து நான்கு ஆண்டுகள் வரை போடலாம். வேலை கொடுத்தவர் திருத்தி, 26ஏஎஸ்-இல் 13,000 ஏறிவிட்டதா என்று பார்த்த பிறகு, ரிட்டர்னை மறுபடி செயலாக்கும்படி கேளுங்கள். ஏறுவதற்கு முன்பே கேட்டால் கணினி பழைய கணக்கையே திருப்பித் தரும். மனு கிடைத்த மாதம் முடிந்து ஆறு மாதங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம்.

எல்லையின் சிக்கல் இங்கேதான் வருகிறது. சில மனுக்களைப் பெங்களூர் மையம் தானே முடிக்காமல் உங்கள் வரம்புக்குரிய அதிகாரிக்கு மாற்றிவிடும். கோவையில் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த முகவரியில் பான் எடுத்தவருக்குக் கோவை அதிகாரி. இப்போது வீடு கொழிஞ்சாம்பாறையில். பாலக்காட்டு அலுவலகத்தில் போய்க் காத்திருந்தால் உங்கள் கோப்பு அங்கே இருக்காது. பான் எண்ணைக் கொடுத்தால் உங்கள் அதிகாரி யார் என்பதைத் தளமே காட்டும். பார்த்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

[திரை: சட்டப் பிரிவுகளின் பட்டியல்]

நான் சொன்ன பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்கள். 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் கணக்குக்குப் பழைய சட்டமே பொருந்தும்.

மனு போட்டும் பதில் வரவில்லையென்றால் தளத்திலேயே குறைதீர்ப்புப் பகுதி இருக்கிறது. மனு எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு அங்கே பதிவு செய்யுங்கள். மனுவைத் தள்ளிவிட்டால் அந்த உத்தரவு கிடைத்த 30 நாள்களுக்குள், படிவம் 35-இல், மேல்முறையீட்டு ஆணையரிடம் போகலாம். மொத்த வருமானம் 2 லட்சத்துக்கு மேல் இருந்தால் பொதுவாகக் கட்டணம் 1,000 ரூபாய். சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, வேலை கொடுத்தவருக்கு எழுதிய கடிதம், 26ஏஎஸ், இன்டிமேஷன் எல்லாவற்றையும் அதோடு இணையுங்கள்.