வரைவைத் தமிழில் கொடுங்கள்

அவைத்தலைவர் அவர்களே, இந்தக் கூடத்தை நமக்குத் திறந்துவிட்ட நூலகர் ஐயா அவர்களே, வியாபார நேரத்தில் கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் வணிகர் சங்கச் செயலாளர் அண்ணாச்சி அவர்களே, எனக்குச் சமூக அறிவியல் நடத்திய டீச்சர் அவர்களே, முன்வரிசைத் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

அரசின் கொள்கையைச் சங்கங்களும் தொழில் அமைப்புகளும் எப்படி வளைக்கின்றன என்று பேசச் சொன்னார்கள். பணம், ஆள்பலம், தகவல் என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறேன். பணத்துக்கு ஒன்று சொன்னால் போதும். கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வழிவிட்ட தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கட்சிக்குக் காசு கொடுத்தது யார் என்று அறிய வாக்காளருக்கு உரிமை உண்டு என்றது.

அழுத பிள்ளை பால் குடிக்கும். ஆள்பலம் என்பது இதுதான்; கூடிக் கேட்பதில் தப்பே இல்லை. டெல்லி எல்லையில் விவசாயிகள் ஒரு வருஷம் உட்கார்ந்தார்கள். 2021-இல் மூன்று வேளாண் சட்டங்களும் திரும்பப் பெறப்பட்டன. ஆனால் அடுத்தவன் அழ வேண்டியதை நம்மை அழ வைக்கிறார்களே, என் ஆத்திரம் அதில்தான்.

எங்கள் தெருவில் பீடி சுற்றும் சித்தி ஒருத்தி. மடியில் சொளகு, பக்கத்தில் நனைத்த இலை, தூள் நெடியில் ஓயாத இருமல். ஒருநாள் இலை வாங்கப் போன இடத்தில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். முழுக்க இங்கிலீஷ். "என்ன சித்தி எழுதியிருக்கு?" என்றேன். "என்னத்தக் கண்டேன்? கட்டுல படத்தப் பெருசாப் போட்டா பீடி ஓடாதாம், வேலை போயிருமாம். போட்டுக் குடுத்தேன்" என்றாள். விரல் நிற்கவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தாள். அப்புறம் நிமிர்ந்து, "கூலியக் கூட்டச் சொல்லி ஒரு தாள் வந்தா அதுலயும் போடுதேன், வரமாட்டேங்கே!" என்றாள்.

அந்தப் படம் எது தெரியுமா? புகையிலை உறையில் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம் வேண்டும் என்று 2014-இல் அறிவித்தார்கள். 2015 ஏப்ரலில் வந்திருக்க வேண்டும். நாடாளுமன்றக் குழு ஒன்று நிறுத்தி வைக்கச் சொன்னது. அந்தக் குழுவிலேயே பீடித் தொழில் நடத்தும் எம்.பி. ஒருவர் இருந்தார். அழுத பிள்ளை பால் குடிக்கும். இங்கே அழுதது சித்தி, குடித்தது முதலாளி. 2016 ஏப்ரலில்தான் படம் வந்தது. இடையில் ஒரு வருஷம் போயே போய்விட்டது.

இதற்குத்தான், மூன்றாவதான தகவலுக்காகத்தான், நான் ஊர் ஊராகக் கேட்கிறேன்: மத்திய அரசின் ஒவ்வொரு சட்ட, விதி வரைவும் தமிழில் வரட்டும். வரைவுச் சட்டத்தை 30 நாளாவது மக்கள் முன் வைக்க வேண்டும் என்று 2014-இல் அரசே வகுத்த கொள்கை இருக்கிறது. படிக்க முடியாத மொழியில் 30 நாள் இருந்தென்ன, 300 நாள் இருந்தென்ன? ஒரு திட்டம் சுற்றுச்சூழலை எப்படிப் பாதிக்கும் என்று அனுமதிக்கு முன் பார்க்கும் விதிகளின் வரைவை, அதாவது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை, 2020-இல் இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டும் வெளியிட்டார்கள். ஒருவர் வழக்குப் போட்டார். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. கம்பெனிகளுக்குப் படித்துச் சொல்ல வக்கீல் இருக்கிறார். சித்திக்கு யார் இருக்கிறார்கள்?

நேரமாகிவிட்டது என்று தலைவர் மணியைப் பார்க்கிறார். வரைவுகளைத் தமிழில் கேட்டு நம் எம்.பி.க்கு அனுப்பும் தீர்மானத்தை நூலகர் ஐயா இப்போது வாசிப்பார்கள். தாய்மார்கள் முழுவதையும் கேட்டுவிட்டு, சம்மதமானால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.