ஆத்துல போட்டாலும் அளந்து போடு: சவுக்குத் தோப்புல இருந்து வனச் சான்றிதழ் வரைக்கும்

(மரம் வளக்கிற விவசாயிங்க கூட்டத்துல பேசினது. நிறைய பேர் கேட்டதால எழுதித் தர்றேன்.)

மேடையில இருக்கிற பெரியவங்களுக்கும் கீழ உக்காந்திருக்கிற என் சனங்களுக்கும் வணக்கம். தலைமை ஏத்திருக்கிற கவுன்சிலர் அம்மா காலையில ரெண்டு துக்க வீட்டுக்குப் போயிட்டு நேரா இங்க வந்திருக்காங்க, அவங்களுக்கு முதல் நன்றி. ரிட்டையர்டு ரேஞ்சர் ஐயா முப்பது வருசத்துக்கு மேல காட்டுல நடந்தவரு, அவரு முன்னாடி நான் காட்டைப் பத்திப் பேசுறதே பெரிய விசயம், ஐயா ஏதாவது தப்பா சொன்னா இங்கயே திருத்திடுங்க. தலைமையாசிரியர் அவர்கள் மண்டபத்துக்கு நாப்பது நாற்காலி பள்ளிக்கூடத்துல இருந்து அனுப்பி வச்சாரு. மைக் செட்டு தம்பி காசு வேணாம்னுட்டாரு. எனக்குப் போத்துன பொன்னாடைய, இந்தத் தோப்புங்கள்ல முப்பது வருசமா வெட்டு வேலை செய்யற நம்ம பெரியம்மாவுக்குப் போத்துறேன், அவங்க மேடைக்கு வரணும். கைதட்டுங்க சாமி.

தலைப்பு, "வளரும் நாட்டில் வனச் சான்றிதழின் பங்கு". நாலு விசயம் சொல்லலாம்னு வந்திருக்கேன். சான்றிதழ்னா என்ன, நம்மள மாதிரி நாட்டுக்கு அது எதுக்கு, காட்டுல குடியிருக்கிற சனங்களோட உரிமை, நாலாவது நம்ம சவுக்குக்காரன் என்ன செய்யணும். நாலுக்கும் அடியில ஓடுறது ஒரே பழமொழிதான், எங்க மாமா வாயில இருந்து நான் எடுத்தது. ஆத்துல போட்டாலும் அளந்து போடு.

1980கள்ல அமேசான், போர்னியோ பக்கம் காடு அழியறதைப் பாத்து வெளிநாட்டு சனங்க அந்த மரத்தை வாங்கவே மாட்டோம்னு கிளம்புனாங்க. 1992ல ரியோ மாநாட்டுல காட்டுக்குன்னு ஒரு கட்டாய ஒப்பந்தம் வரும்னு எதிர்பார்த்தாங்க, வரல. அரசாங்கங்க செய்யாததை நாமளே செய்வோம்னு மரக் கம்பெனிக்காரங்க, சூழல் அமைப்புக்காரங்க, காட்டு சனங்களோட ஆளுங்கன்னு எல்லாருமா 1993ல கனடாவுல டொராண்டோவுல கூடி ஆரம்பிச்சதுதான் எஃப்எஸ்சி, ஃபாரஸ்ட் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில்னு முழுப் பேரு, காட்டுக்குச் சான்றிதழ் முறை நடத்துற அமைப்பு. நோட்டுப் புத்தகம், பால் டப்பா பின்னாடி ஒரு மரமும் டிக் மார்க்கும் சேந்த மாதிரி குட்டியா ஒரு படம் இருக்கும், அதுதான். 1999ல ஐரோப்பாவுல பிஇஎஃப்சின்னு இன்னொண்ணு வந்துச்சு. சான்றிதழ் குடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டுலயும் கேக்குற கேள்வி ஒண்ணுதான், இந்த மரம் எந்த மண்ணுல நின்னுச்சு, யார் வெட்டுனா, அங்க திரும்ப மரம் நிக்குமா. அந்த மரம் தோப்புல இருந்து லாரி, எடைமேடை, மில்லுன்னு கை மாறிப் போற ஒவ்வொரு இடத்துலயும் கணக்கு இருக்கணும். செயின் ஆஃப் கஸ்டடின்னு அதுக்குப் பேரு.

சான்றிதழ் வாங்குனவன் எல்லாம் யோக்கியன்னு நான் சொல்ல வரல. இந்தோனேசியாவுல காட்டை அழிக்குதுன்னு ஏஷியா பல்ப் அண்ட் பேப்பர் கம்பெனியோட வச்சிருந்த தொடர்பை எஃப்எஸ்சியே 2007ல முறிச்சுக்கிச்சு. இன்னைக்கும் சான்றிதழ் வாங்குன காட்டுல பெரும்பகுதி ஐரோப்பாவுலயும் வட அமெரிக்காவுலயும்தான் கெடக்கு. எந்தக் காட்டைக் காப்பாத்தணும்னு ஆரம்பிச்சாங்களோ அந்த வெப்பமண்டலக் காட்டுக்குக் கிடைச்சது கொஞ்சம்தான். ஏன்னா அஞ்சு வருசத்துக்கு ஒரு சான்றிதழ், அதுக்குள்ள வருசா வருசம் ஆடிட்டு, எல்லாம் காசு. ஏழை நாட்டு விவசாயி அந்தக் காசுக்கு எங்க போவான்?

ஆனா ஏழை நாட்டுலயும் நடந்திருக்கு. மத்திய அமெரிக்காவுல குவாத்தமாலான்னு ஒரு சின்ன நாடு. அங்க 1990ல மாயா உயிர்க்கோளக் காப்பகம்னு இருபத்தோரு லட்சம் ஹெக்டேரை அறிவிச்சாங்க. அதுல ஒரு பகுதிய கார்மெலிட்டா, வாஷாக்தூன் மாதிரி ஊரு சனங்க கையிலயே குத்தகைக்குக் குடுத்தாங்க, ஒரு நிபந்தனையோட, மூணு வருசத்துக்குள்ள எஃப்எஸ்சி சான்றிதழ் வாங்கிடணும். சனங்க மகாகனி மரத்தை எண்ணி நம்பர் போட்டு, எந்த வருசம் எந்தத் துண்டுல வெட்டுறதுன்னு திட்டம் போட்டு, கொஞ்சமா வெட்டி விக்கறாங்க, பூச்சாடிக்குப் போற ஷாத்தேங்கற பனை ஓலையும் விக்கறாங்க. என்ன ஆச்சு தெரியுமா, யாரும் தொடக் கூடாதுன்னு தேசியப் பூங்காவா பூட்டி வச்ச லகூனா தெல் தீக்ரேங்கற காடு, மாட்டுப் பண்ணைக்காரன் வச்ச தீயில வெந்துச்சு, சனங்க கையில குடுத்த காடு பெரும்பாலும் பச்சையா நிக்குது. ரேஞ்சர் ஐயா தலையாட்டுறாரு, அவருக்குத் தெரியும், சொந்தக்காரன் நிக்கிற காட்டுல திருடன் நுழைய மாட்டான்.

ஆப்பிரிக்காவுல தான்சானியா, கில்வா ஜில்லா. கிளாரினெட் செய்யற கருமரம், அவங்க பாஷையில ம்பிங்கோ, அந்தக் காட்டை வச்சிருக்கிற கிராமங்க 2009ல குரூப்பா சேந்து எஃப்எஸ்சி வாங்கினாங்க. நம்ம நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு ஆச்சா மரம்தானே, அதுவும் பழைய வீட்டு உத்தரத்துல இருந்து எடுத்த மரம்னா நாதம் நல்லா வரும்னு சொல்லுவாங்க. வாத்தியத்துக்கு 2022ல புவிசார் குறியீடு வாங்கிட்டோம், மரத்துக்குக் கணக்கு வச்சிருக்கோமா? இது தனியா ஒரு நாள் பேச வேண்டிய விசயம்.

இப்ப நம்ம ஊருக்கு வர்றேன். இந்தக் கதைய எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

தானே புயல். 2011 டிசம்பர் 30, விடிகாலை. இந்த மண்டபத்துல முப்பது வயசு தாண்டுன யாருக்கும் அந்தச் சத்தம் மறந்திருக்காது. எங்க அப்பாவுக்கு ரெண்டு ஏக்கர் முந்திரி, தாத்தா வச்சது, வேலி ஓரமா ஒரு ஏக்கர் சவுக்கு, மூணு வருசத்து மரம். அதை ஒட்டுனாப்புல மாமாவுக்கும், எங்க அம்மாவோட தம்பி, கிட்டத்தட்ட அதே அளவு. விடிஞ்சு போய்ப் பாத்தா முந்திரி வேரோட மல்லாந்து கெடக்கு, சவுக்கு எல்லாம் ஒரே பக்கமா சீப்பால வாருன மாதிரி படுத்துக் கெடக்கு. எங்கப்பா அழுது நான் பாத்தது அன்னைக்குத்தான்.

எங்க மாமாகிட்ட ஒரு பழைய பால் கணக்கு நோட்டு. அதுல அவரு என்னிக்கு கன்னு வாங்குனாரு, எத்தனை கன்னு, எத்தனை பட்டுப்போச்சு, எத்தனை மறுநடவு, முந்திரியில எந்த மரம் எத்தனை மூட்டை காய்ச்சது, எல்லாம் எழுதுவாரு. நர்சரி பில்ல குண்டூசி குத்தி வச்சிருப்பாரு. ஊரே சிரிக்கும். "மரத்துக்குப் பேரு வச்சு சோறு ஊட்டுறான் பாரு"ன்னு எங்கப்பாவே சொல்லுவாரு. அவரு கோவிச்சுக்க மாட்டாரு, "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும் மாமா"ன்னுட்டு எழுதிக்கிட்டே இருப்பாரு.

சேதம் கணக்கெடுக்க ஒரு அதிகாரி வந்தாரு. அப்பாகிட்ட எத்தனை மரம்னு கேட்டாரு. அப்பா கையை விரிச்சு, "எல்லாமே போச்சுங்கய்யா"ன்னாரு. அதிகாரி கையில இருந்த அடங்கல் நகல்ல, எந்த நிலத்துல என்ன பயிர்னு எழுதுற அரசாங்கக் கணக்கு அது, எங்க சர்வே நம்பருக்கு நேரா என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? தரிசு! அறுவது வருசத்து முந்திரி தரையில கெடக்கு, அதை மிதிச்சுக்கிட்டுத்தான் ரெண்டு பேரும் நிக்கறாங்க, பேப்பர்ல தரிசு. அந்த மனுசனைக் குத்தம் சொல்லி என்ன பண்றது, பேப்பர்ல இருக்கிறதைத்தான் அவரு எழுத முடியும். பக்கத்து வரப்புல மாமா நோட்டை விரிச்சாரு, பில்லைக் காட்டுனாரு, அதிகாரி உக்காந்து அப்படியே காப்பி பண்ணிக்கிட்டாரு. மாமாவுக்கு நிவாரணப் பணம் சீக்கிரம் வந்துருச்சு. எங்கப்பா பதினாலு மாசம் நடந்தாரு, வந்தது பாதிப் பரப்புக்கு.

அதோட முடிஞ்சுதா? விழுந்த சவுக்கை வாங்க வியாபாரி வந்தான். அப்பா குத்துமதிப்பா மொத்தமா ஒரு தொகைக்குத் தள்ளிவிட்டாரு, மிலாறு, வேர்க்கட்டை எல்லாம் அதுலயே போச்சு. மாமா என்ன பண்ணாரு, லாரியோடயே எடைமேடை வரைக்கும் டிவிஎஸ் ஃபிஃப்டியில போனாரு. லாரி நம்பர், காலி எடை, பாரத்தோட எடை, மூணையும் நோட்டுல எழுதுனாரு. டன் கணக்குல காசு. மிலாறைத் தனியா கட்டுப் போட்டு வித்தாரு, வேர்க்கட்டைய செங்கல் சூளைக்குத் தனியா குடுத்தாரு. ஒரே காத்துல விழுந்த ஒரே வயசு மரம், மாமாவுக்குக் கெடச்சதுல பாதிகூட எங்கப்பாவுக்குக் கெடைக்கல. அன்னைக்கு ராத்திரி அப்பா என்கிட்ட சொன்னாரு, "நாளைக்கு கடைக்குப் போனா ஒரு நோட்டு வாங்கிட்டு வாடா".

(இங்க ரெண்டு நிமிசம் கைதட்டல். அப்பாவைத் தெரிஞ்ச பெரியவங்க சில பேர் எழுந்து நின்னாங்க.)

மாமா எழுதுன அந்த நோட்டுதாங்க செயின் ஆஃப் கஸ்டடி. எஃப்எஸ்சி தலைமை ஆபீஸ் இருக்கிற ஜெர்மனியில இருந்து எவனும் வந்து சொல்லித் தரல.

இப்ப ஏன் அவசரம்னா, ஐரோப்பிய யூனியன் 2023ல ஒரு சட்டம் போட்டுட்டாங்க. மரம், ஃபர்னிச்சர், பேப்பர், காப்பி, ரப்பர், இதெல்லாம் அங்க விக்கணும்னா 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காட்டை அழிச்ச நிலத்துல விளைஞ்சதா இருக்கக் கூடாது, விளைஞ்ச நிலம் எதுன்னு வரைபடத்துல புள்ளி வச்சுக் காட்டணும். நாலு ஹெக்டேருக்குக் கீழன்னா ஒரே ஒரு புள்ளி போதும். அமலாகற தேதிய தள்ளித் தள்ளி வைக்கறாங்க, ஆனா வாங்குறவன் இப்பவே கேக்க ஆரம்பிச்சுட்டான். எஃப்எஸ்சி இருந்தா மட்டும் போதாது, புள்ளியும் வேணும். நம்ம மத்திய அரசும் 2023 டிசம்பர்ல இந்திய வன மற்றும் மரச் சான்றிதழ் திட்டம்னு கொண்டு வந்திருக்கு, போபால்ல இருக்கிற வன மேலாண்மை நிறுவனம் நடத்துது. அதுல காட்டுக்கு வெளிய இருக்கிற மரத்துக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. அது நாமதான். 1988 தேசிய வனக் கொள்கையே மில்லுக்காரன் காட்டை நம்பாம விவசாயிகிட்ட நேரா மரம் வாங்கணும்னு சொல்லிடுச்சு, 1996ல கோதவர்மன் வழக்குல உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு காட்டுல வெட்டுறதை இறுக்கிடுச்சு, அந்த வழக்கே நம்ம நீலகிரி கூடலூர்ல ஆரம்பிச்சதுதான். அப்புறம் நாட்டுக்கு மரம் குடுக்கிறது யாரு, நம்ம வரப்புதானே.

ஒரு தோப்புல சான்றிதழுக்காகச் சோதனை பண்ண ஆடிட்டர் வந்தப்போ நான் கூட நின்னு பாத்தேன். மரத்தை எண்ணுவாருன்னு நெனச்சோம். அவரு முதல்ல வெட்டு ஆளுங்ககிட்ட போய் கூலி எவ்வளவு, செயின் ரம்பம் புடிக்கிறவருக்கு பூட்ஸ் இருக்கா, ஹெல்மெட் இருக்கான்னு கேட்டாரு. அப்புறம் பூச்சி மருந்து காலி பாட்டில் எங்க போடறீங்கன்னாரு. ஒரு அக்கா குடிக்கத் தண்ணி வச்சிருந்ததே அந்த மாதிரி ஒரு பாட்டில்லதான். அவரு அதை எடுத்துத் திருப்பிப் பாத்தாரு, ஒண்ணும் பேசல, தன்னோட தண்ணி பாட்டில அந்த அக்கா கையில குடுத்துட்டு எழுதிக்கிட்டாரு. எனக்குச் சான்றிதழ் மேல நம்பிக்கை வந்தது அன்னைக்குத்தான்.

காட்டு சனங்க உரிமை, 2006 வன உரிமைச் சட்டம், அது மூணாவது விசயம்னு சொன்னேன். நேரம் போயிட்டுது, சாப்பாட்டுக்காரர் கை காட்டுறாரு, அதை ரேஞ்சர் ஐயாவையே அடுத்த கூட்டத்துல பேசச் சொல்லிக் கேட்டுக்கறேன். என் கோரிக்கைய மட்டும் சொல்லிட்டு உக்காந்துக்கறேன்.

அடங்கல்ல மரத்தை ஏத்தணும். பயிர் பேரு, பரப்புன்னு நின்னுடக் கூடாது, என்ன மரம், எத்தனை, எந்த மாசம் நட்டது, எழுதணும், நகல் விவசாயி கையில குடுக்கணும். இப்ப டிஜிட்டல் கிராப் சர்வேன்னு செல்லுல வயலைப் போட்டோ எடுக்கறாங்கல்ல, இடத்தோட புள்ளி தானா விழுது, கூட மரத்துக்கு ரெண்டு கட்டம் சேக்கறதுல என்ன செலவு? அது வந்துட்டா இருபது முப்பது பேர் சேந்து குரூப் சான்றிதழுக்குப் போகலாம், எல்லார் தோப்பையும் பாக்க மாட்டாங்க, சாம்பிளா சிலதைத்தான் பாப்பாங்க, செலவு பிரியும். அந்தச் செலவையும் சான்றிதழ் மரம் கேக்கிற மில்லுதான் ஏத்துக்கணும், லேபிளால லாபம் அவங்களுக்கு. கவுன்சிலர் அம்மா இதை ஒன்றியக் கூட்டத்துல தீர்மானமா வைக்கணும்னு எல்லார் சார்பாவும் கும்பிட்டுக் கேக்கறேன். ஆத்துல போட்டாலே அளந்து போடணும்னு சொன்ன ஊரு இது, வரப்புல நட்டதை அளக்காம விடலாமா?

வாசல்ல மேசை போட்டிருக்கோம். மனு அச்சடிச்சு வச்சிருக்கு, கூட ஆளுக்கு ஒரு நாப்பது பக்க நோட்டு, என் செலவு. சர்வே நம்பர், கன்னு எண்ணிக்கை, நட்ட மாசம் மூணையும் மனுவுல எழுதி கையெழுத்துப் போட்டுக் குடுங்க, திங்கக்கிழமை மனு நாள் அன்னைக்குக் கலெக்டர் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போறோம், வேன் காலையில எட்டு மணிக்கு கோயில்கிட்ட இருந்து கிளம்புது. எண்ணிக்கை ஞாபகம் இல்லாதவங்க இன்னைக்கு சாயங்காலமே தோப்புக்குள்ள போய் எண்ணிட்டு வந்து எழுதுங்க, எங்க மாமா மேசைகிட்டயே உக்காந்திருப்பாரு, எப்படி எழுதறதுன்னு அவரைக் கேளுங்க.