60 நானோநொடியும் ஒரு கேபிளும்

அனைவருக்கும் வணக்கம்.

இணையத்தில் நல்ல அறிவியல் செய்தி ஒன்று கிடைத்துவிட்டால் எனக்கு அன்றைய பொழுது நிறைந்துவிடும். 'இது எப்படித் தெரியவந்தது?' என்று விடாமல் கேட்டு எழுதுகிறார்களே, அந்த எழுத்தைச் சொல்கிறேன்.

2015-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பதப்படுத்திய இறைச்சியைத் தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்றது. பலர் அந்த எண்ணைத் தலைப்பில் போட்டதோடு சரி. எதிலிருந்து 18 சதவீதம்? 100 பேரில் 5 பேருக்கு வரும் நோய் என்றால், ஏறக்குறைய 6 பேருக்கு வரும். இந்த ஒரு வரியை எழுதியவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஆனால் என் மனதுக்கு நெருக்கமானது நியூட்ரினோ என்ற நுண்துகளின் கதைதான். 2011 செப்டம்பர். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் கிளம்பிய நியூட்ரினோக்கள், 730 கிலோமீட்டர் நிலத்தடியில் பயணித்து, இத்தாலியின் கிரான் சாசோ மலைக்குள் இருந்த ஓபரா கருவியை ஒளியைவிட 60 நானோநொடி (நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோநொடி) முன்னதாக எட்டியதாகச் செய்தி. ஒளியை எதுவும் முந்த முடியாது என்பதல்லவா ஐன்ஸ்டைனின் கோட்பாடு? 'ஐன்ஸ்டைன் தோற்றார்' என்று ஒரே ஆரவாரம். நல்ல செய்தியாளர்களோ, ஓபரா குழுவே மற்றவர்களைச் சரிபார்க்கச் சொல்லியிருப்பதை எழுதினார்கள். அப்புறம் 1987-இல் தெரிந்த சூப்பர்நோவாவை, அதாவது வெகுதொலைவில் வெடித்துச் சிதறிய ஒரு விண்மீனை, நினைவூட்டினார்கள். அதன் நியூட்ரினோக்களும் ஒளியும் சில மணி நேர இடைவெளியில்தான் பூமிக்கு வந்தன. ஓபராவின் வேகம் அவற்றுக்கும் இருந்திருந்தால், பல ஆண்டுகள் முன்பே வந்திருக்க வேண்டுமே!

2012 பிப்ரவரியில் விடை வரத் தொடங்கியது. ஜிபிஎஸ் நேரத்தைக் கணினிக்குக் கொண்டுவரும் ஒளியிழைக் கேபிளின் முனை சரியாகத் திருகப்படவில்லை. நேரக் குறிப்பு சற்றுத் தாமதமாகப் பதிவானது. நம் கடிகாரம் பின்தங்கினால், வருகிறவர் சீக்கிரம் வந்த மாதிரிதானே தெரியும்? அதைப் படித்தபோது, மலைக்குள் நின்று அந்தத் திருகை நானே தொட்டுப் பார்த்தது போலிருந்தது.

ஜூன் மாதம் கியோட்டோவில் நடந்த மாநாட்டில், நியூட்ரினோ ஒளியை முந்தவில்லை என்று அறிவித்தார்கள். ஆரவாரம் எதுவும் இல்லை. முதல் செய்தியைவிட அதைத்தான் நான் அதிக ஆசையோடு படித்தேன்.